ஊரிலேயே அதிகச் சம்பளக்காரர்

அன்று காலை வால்வுக்காரர் முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்ததும், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து இடம் விட்டார். கடைக்காரர் துண்டை உதறி, நாற்காலியைத் தட்டி, "வாங்க வாங்க, உங்களுக்கு இல்லாத இடமா?" என்றார். பதினைந்து வருடமாக அந்தக் கடைக்கு வருகிறவர் வால்வுக்காரர். இதுவரை அவருக்குக் கிடைத்த பெரிய மரியாதையே, "ஓரமா உக்காருங்க, அடுத்து நீங்கதான்" என்பதுதான். முடிவெட்டி முடிந்ததும் பெரிய நோட்டாக ஒன்றை எடுத்து நீட்டினார். கடைக்காரர் அதை வாங்கி டிராயரில் போட்டு மூடிவிட்டு, சிரித்த முகமாக நின்றார்.

"மீதி?" என்றார் வால்வுக்காரர்.

"உங்களுக்கு எதுக்குங்க மீதி?"

கடைக்காரர் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைச் சீப்பால் சுட்டிக் காட்டினார். 'நம் வரிப்பணம் யார் வீட்டுக்குப் போகிறது?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே நகராட்சி ஊழியர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ஆண்டுச் சம்பளம், அதிகத்திலிருந்து குறைவு வரை. வெளியிட்டது வரி செலுத்துவோர் சங்கம். மூன்றாவது இடத்தில் சுகாதார அதிகாரி. இரண்டாவது இடத்தில் நகராட்சி ஆணையர். முதல் இடத்தில், பம்பு இயக்குநர், குடிநீர் நிலையம்.

ஆளின் பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. ஊரில் பம்பு இயக்குநர் என்று இருந்தது ஒரே ஒரு ஆள்தான், வால்வுக்காரர்.

அவர் ஏன் ஒரே ஆளாக இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் குடிநீர் நிலையத்தில் மூன்று மோட்டார், மூன்று ஷிஃப்டு, மூன்று ஆட்கள் இருந்தார்கள். முதல் ஆள் வயதாகி ஓய்வு பெற்றார். இரண்டாவது ஆள் மனைவியின் ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அந்த இடங்களுக்கு ஆள் போடவில்லை. "ஆள் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று வால்வுக்காரரிடம் சொன்னார்கள். அந்தக் 'கொஞ்சம்' ஒன்பது வருடம் ஓடியது. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அவருடைய சொந்த ஷிஃப்டு. இரண்டிலிருந்து பத்து வரை ஓவர்டைம். அதற்கு மேல் மோட்டாருக்கும் ஓய்வு, அவருக்கும் ஓய்வு; காவலாளி ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்குக் காலண்டரில் சிவப்பு மையால் அச்சடித்த ஒரு எண், அவ்வளவுதான். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். ஒற்றையும் இரட்டையும் சேர்ந்து, ஆணையரைத் தாண்டி ஒரு படி மேலே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

மீதி வாங்காமலே வெளியே வந்தார். அதற்குள் ரொட்டிக்கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். தெருவில் ஒரு சைக்கிள்காரர், "ஒரு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி, ஒரு ஆளுக்கு ஒரு மூட்டை பணம்!" என்று கத்திக்கொண்டே போனார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வீட்டில் அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். முன் அறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவரோரமாக நீலத் துணி மலை. அந்தத் தாள் அவளிடமும் வந்து சேர்ந்திருந்தது. சட்டைக் காலர் வெட்ட அதையே அளவுத் தாளாக மடித்து வைத்திருந்தாள்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். எல்லாம் எனக்குத் தெரிஞ்ச காசுதானே. மாசம் பொறந்தா பாங்குக்குப் போறது நான், எடுக்கிறது நான், வீட்டுக் கடன் கட்டுறது நான், பொண்ணு ஃபீஸ் கட்டுறது நான். நீங்க பாஸ்புக்கைத் திறந்து பாத்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"எனக்கு எங்க நேரம்?"

"அதான். காசைச் சம்பாதிச்சது நீங்க, செலவழிச்சது நான், வயித்தெரிச்சல் மட்டும் ஊருக்கு. நல்ல பங்குதான்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, அவளுடைய தம்பி வாசலில் வந்து நின்றான். ஆறு மாதமாக எட்டிப் பார்க்காதவன், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "மாமா, எப்படி இருக்கீங்க? இளைச்சுப் போயிட்டீங்களே" என்றான். ஒரு சரக்கு வேன் விலைக்கு வருகிறது, முன்பணம் மட்டும் போட்டால் போதும், மீதியை வேனே கட்டிக்கொள்ளும் என்று விளக்கினான்.

"வேனே கட்டிக்கும்னா முன்பணத்தையும் வேன்கிட்டயே கேளுடா" என்றாள் அக்கா. வாழைப்பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆணையர் கூப்பிட்டு அனுப்பினார். இருபத்தாறு வருட வேலையில் வால்வுக்காரர் அந்த அறைக்குள் மொத்தம் நான்கு முறை போயிருக்கிறார். நான்கு முறையும் நின்றுகொண்டே பேசிவிட்டு, நின்றுகொண்டே திரும்பியிருக்கிறார். இன்று ஆணையர், "உட்காருங்க" என்றார். தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று வால்வுக்காரர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்னைவிட உங்களுக்கு நாலாயிரம் அதிகம். தெரியுமா?"

"தெரியாதுங்க. உங்க சம்பளம் எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஆணையர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வீட்ல கேக்குறாங்க. விழுந்து விழுந்து படிச்சு, பரீட்சை எழுதி ஆணையர் ஆனதுக்கு, பேசாம பம்பு ஆபரேட்டரா போயிருக்கலாமேன்னு."

வால்வுக்காரர் உண்மையான அக்கறையோடு சொன்னார்: "ரெண்டு இடம் காலியாத்தாங்க இருக்கு."

அதோடு பேட்டி முடிந்தது. வெளியே வந்தவரைக் கணக்குப் பிரிவு எழுத்தர் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பீரோவைத் திறந்து ஒரு கோப்பைக் காட்டினார். கோப்பின் மேல் 'சிக்கன நடவடிக்கைகள்' என்று எழுதியிருந்தது. முதல் பக்கத்திலேயே பம்பு இயக்குநர்.

"என்னப்பா இது? ஊர்ல நான்தான் பெரிய செலவுங்கிறான். நீ என்னைச் சிக்கனத்துல வெச்சிருக்க?"

"அண்ணே, கேளுங்க. புதுசா ரெண்டு ஆள் போட்டா ரெண்டு சம்பளம். சம்பளத்தோட போச்சா? லீவு, மருத்துவச் செலவு. அறுபது வயசானா பென்ஷன். அவன் எண்பது வரைக்கும் இருந்தா இருபது வருஷம் பென்ஷன். அவன் போனப்புறம் அவன் சம்சாரத்துக்குப் பாதி. அந்தம்மா நல்ல திடகாத்திரமா இருந்தா? ரெண்டு ஆளைப் போட்டா, நகராட்சி அம்பது வருஷத்துக்குப் படியளக்கணும். உங்களுக்கு ஓவர்டைம் குடுத்தா உங்களோட போச்சு. ஓவர்டைமுக்குப் பென்ஷன் கிடையாது. அண்ணே, உங்களால இந்த நகராட்சி எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கு தெரியுமா? உங்களுக்குச் சிலையே வைக்கலாம்."

"வைக்காதே. அதையும் சங்கத்துக்காரன் கணக்குல சேப்பான்" என்றார் வால்வுக்காரர்.

சங்கத்துக்காரர் என்றால் அதன் செயலாளர், கடைத்தெரு இரும்புக்கடைக்காரர். ஊரில் அவருக்கு 'ஆணி' என்று பெயர். எடைபோட்டு வருகிற ஆணியை எண்ணியும் பார்க்கிற மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஐந்து வருடத்தில் அவர் கடை வரி இரண்டு மடங்காகியிருந்தது. வாசல் சாக்கடை மட்டும் ஐந்து வருடமாக அப்படியே இருந்தது. காசு எங்கே போகிறது என்று நகராட்சி வரவுசெலவுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டுபோய், கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் படித்தார். படித்து முடித்தபோது ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது. அதைக் கேட்காத காது அந்த ஊரில் கிடையாது: "நூறு வரி கட்டுறோம். அம்பது சம்பளத்துக்குப் போகுது, இருபத்தஞ்சு பென்ஷனுக்குப் போகுது. மீதிலதான் ரோடு போடுறாங்க. அதனாலதான் நம்ம ரோடும் பாக்க மீதி மாதிரியே இருக்கு."

பட்டியல் வெளியான ஒரு வாரத்தில் அவர் நேராகப் பம்பு அறைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு மடக்கு ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டில்.

"உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்லை. ஆனா பதினாறு மணி நேரம் ஒரு மனுஷன் என்ன வேலை பாக்குறாருன்னு கட்டுற எங்களுக்குத் தெரியணுமில்ல? இன்னைக்கு முழுக்க உக்காந்து பாக்கப் போறேன்."

"தாராளமா பாருங்க. சத்தமாப் பேசணும். இங்க மெதுவாப் பேசினா மோட்டார் கேக்கும், எனக்குக் கேக்காது" என்றார் வால்வுக்காரர்.

பம்பு அறை நீளமான கொட்டகை. சிமெண்டு மேடைகளில் மூன்று மோட்டார்கள். ஒன்றும் இரண்டும் ஓடின; மூன்றாவது, அவை பழுதானால் மாற்றாள். சுவரில் மின்பலகை. மூலையில் தடிமனான பதிவேடு வைத்த சாய்வு மேசை. ஒவ்வொரு மணிக்கும் எழுந்து, அழுத்தம் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, மேல்தொட்டியில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்து எழுத வேண்டும். நடுநடுவே தெருவாரியாக வால்வைத் திறந்து மூட வேண்டும். மற்ற நேரம்?

மற்ற நேரம் வால்வுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரும்புக்கடைக்காரர் நோட்டில் எழுதினார்: '7.20 முதல் 8 வரை, சும்மா.' '8.15 முதல் 9 வரை, சும்மா.' பதினொரு மணிக்குள் ஐந்து சும்மா சேர்ந்துவிட்டது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"இந்தச் சும்மாவுக்கா இரட்டைச் சம்பளம்?" என்று கத்தினார்.

"சும்மா எங்கங்க இருக்கேன்? கேட்டுக்கிட்டு..." என்று ஆரம்பித்த வால்வுக்காரர் பாதியில் எழுந்து ஓடினார். இரண்டாம் மோட்டாரின் பக்கத்தில் குனிந்து, ஸ்பானரால் ஒரு நட்டைக் கால் திருகு திருகினார். கொஞ்சம் காதைச் சாய்த்து நின்றார். மறுபடி அரைக்கால் திருகு. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க."

"அப்புறம் ஏன் ஓடினீங்க?"

"ஓடலைன்னா ஆகியிருக்கும்."

இரும்புக்கடைக்காரர் நோட்டைப் பார்த்தார். 'வேலை' என்று ஒரு கட்டம், 'சும்மா' என்று ஒரு கட்டம் போட்டிருந்தார். ஆகாமல் போனதை எழுத மூன்றாவது கட்டம் இல்லை. பேனாவை மூடினார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். வால்வுக்காரர் தன் டப்பாவிலிருந்து ஒரு அவித்த முட்டையை எடுத்து அவர் பக்கம் வைத்தார். வரிப்பணத்தில் வாங்கிய முட்டை என்று இரும்புக்கடைக்காரர் தயங்கவில்லை. வயிறு நிறைந்தது, அறையில் இதமான சூடு, காதில் ஒரே சீரான உறுமல். அதற்குமேல் மனிதர் என்ன செய்வார்? ஸ்டூலில் இருந்தபடியே சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். விழித்தபோது வெயில் கொட்டகையின் மறுபக்கம் போயிருந்தது. பதற்றத்தோடு எழுந்து, முகம் கழுவ வந்தவர், சாய்வு மேசையில் திறந்திருந்த பதிவேட்டைப் பார்த்தார்.

'பி.ப. 1.40. அழுத்தம் சரி. சங்கச் செயலாளர் உறக்கம்.'

'பி.ப. 3.35. அழுத்தம் சரி. செயலாளர் விழிப்பு.'

"என்னங்க இது? அடிச்சிடுங்க!"

"அடிக்க முடியாதுங்க. பதிவேட்டுல அடிச்சல் திருத்தல் இருந்தா எனக்கு மெமோ குடுப்பாங்க. இந்த அறைக்குள்ள நடக்கிறதை எல்லாம் எழுதணும்னு உத்தரவு."

இரும்புக்கடைக்காரரிடம் நேர்மை என்று ஒரு வியாதி உண்டு. அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் தன் நோட்டைப் படித்தவர், பதிவேட்டில் இருந்த அந்த இரண்டு வரியையும் சேர்த்தே படித்தார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் தீர்மானம் நிறைவேறியது: ஓவர்டைம் ஒழிய வேண்டும். தீர்மானம் நகர்மன்றத்துக்குப் போனது. தேர்தலுக்கு எட்டு மாதம் இருந்ததால், மன்ற உறுப்பினர் முப்பது பேரும் கையைத் தூக்கினார்கள். அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து ஓவர்டைம் ரத்து.

அன்று மதியம் இரண்டு மணிக்கு வால்வுக்காரர் பதிவேட்டை மூடிவிட்டு வெளியே வந்தார். இரண்டு மணி வெயில் எப்படி இருக்கும் என்பது மறந்துபோயிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்த மனைவி, "என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஓவர்டைம் இல்லைன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. ஆனா இப்பவே வந்துடுவீங்கன்னு சொல்லலையே."

உட்கார இடம் தேடினார். முன் அறை நாற்காலியில் காற்சட்டைகள். கட்டிலில் காலர்கள். ஜன்னலோரமாக ஒரு ஸ்டூல் இருந்தது, அதில் ஊசிப்பெட்டி. தன் கடனில், தன் சம்பளத்தில், தான் கட்டிய வீட்டில், மதியம் இரண்டு மணிக்குத் தனக்கென்று ஒரு சாண் இடமில்லை என்பதை வால்வுக்காரர் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

முதல் வாரம் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. அவருக்குக் கரண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. சர்க்கரை டப்பாவில் உப்பு இருந்தது, உப்பு டப்பாவில் பொத்தான் இருந்தது. மனைவி குழாயைத் திறந்தால் அடுத்த அறையிலிருந்து, "அரைச் சுத்து போதும், முழுசாத் திறக்காதே!" என்று குரல் வந்தது. மோட்டார் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று மின்விசிறியின் மூடியைக் கழற்றி, கடகடவென்று ஆட வைத்துவிட்டுப் படுத்தார். ஒரு நாள் சமையலறைச் சுவரில் ஒரு தாள் தொங்கியது. மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

'3.10. பால் பொங்கியது. 3.25. மைத்துனன் வருகை. 3.40. மைத்துனன் புறப்பாடு. கோரிக்கை நிராகரிப்பு.'

"இதைக் கிழிச்சுப் போடட்டுமா, இல்லை இதுக்கும் மெமோ உண்டா?" என்று கேட்டாள்.

மகள் மருந்தியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாலையில் கல்லூரியிலிருந்து வந்தவள், அப்பா எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, விருந்தாளி வந்த வீட்டில் நுழைவதுபோல நுழைந்தாள். முதல் நாள் அவளுக்கு அவரே டீ போட்டு, மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார்.

"அப்பா, நான் சர்க்கரை போட்டுக்க மாட்டேன்."

"எப்ப இருந்து?"

"பத்தாவது படிக்கிறப்ப இருந்து."

அவர் அந்த டீயைத் தானே குடித்துவிட்டு, இன்னொன்று போட்டுக்கொண்டு வந்தார்.

வருமானம் பாதிக்குக் கீழே போனதையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் என்னவோ குறைந்துவிடவில்லை. மனைவி இன்னும் ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடையை ஒப்புக்கொண்டாள். "சும்மாதானே இருக்கீங்க?" என்று ஊசியையும் நூலையும் அவர் கையில் கொடுத்தாள். ஒரு சட்டைக்கு ஏழு பொத்தான். முதல் நாள் நான்கு சட்டை. ஒரு மாதத்தில் ஒரு மதியத்துக்கு முப்பது சட்டை. கண் அளவில் நூல் பிசகாது. பொத்தானை இறுக்குவதிலும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கால் திருகு, அப்புறம் அரைக்கால் திருகு. "இவர் வெச்ச பொத்தான் துணி கிழிஞ்சாலும் கழலாது" என்று மனைவி பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் ஊரில் தண்ணீர் என்ன ஆயிற்று? மதியத்துக்கு மேல் காவலாளியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் பார்த்துக்கொண்டார். கண்ணால் மட்டும். மேட்டுத் தெருவுக்கு மூன்று நாள் தண்ணீர் ஏறவில்லை. பள்ளத்துத் தெருவில் மேல்தொட்டி வழிந்து, மாட்டுத்தொழுவமெல்லாம் கழுவிவிட்டது. இரண்டு மாதத்தில் நகராட்சி மதியத்துக்கு மேற்பட்ட பம்பு வேலையை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகை விட்டது. அவர்கள் நான்கு ஆள் அனுப்பினார்கள். நால்வருக்கும் சட்டைப் பையில் நிறுவனத்தின் முத்திரை. ஆண்டுக் கணக்கு வந்தபோது சம்பளச் செலவு குறைந்திருந்தது. சங்கம் வெற்றி விழாக் கூட்டம் நடத்தி, எல்லோருக்கும் பிஸ்கட்டும் டீயும் கொடுத்தது.

பிஸ்கட்டைக் கடித்தபடியே வரவுசெலவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த இரும்புக்கடைக்காரர் எண்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றார். மென்றுகொண்டிருந்த வாயும் நின்றது.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு அவர் வால்வுக்காரரின் வீட்டுக்கு வந்தார். மனைவி நாற்காலியிலிருந்த காற்சட்டைகளை எடுத்து இடம் கொடுத்தாள். வால்வுக்காரர் சட்டையும் ஊசியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாப் போச்சுங்க. சம்பளத்துல உங்க ஓவர்டைம் போச்சு. உண்மைதான். ஆனா 'வெளிச்சேவைகள்'னு வேற ஒரு தலைப்புல அந்தக் கம்பெனிக்குக் குடுத்திருக்காங்க. எவ்வளவு தெரியுமா? உங்களுக்குக் குடுத்ததைப் போல ஒண்ணே முக்கால் மடங்கு. நாங்க சம்பளப் பக்கத்தை மட்டும் பாத்துக் கை தட்டிட்டோம்."

"அப்படியா?" என்றார் வால்வுக்காரர், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"நான் பேசுறேன். மன்றத்துல எழுதிக் குடுக்கிறேன். நீங்க பழையபடி ஓவர்டைமுக்கு வந்துடுங்க. ஊருக்கும் மிச்சம், உங்களுக்கும் வருமானம்."

ஆறு மாதமாகத் தினமும் ஒரு தடவையாவது, "நீங்க எப்பதாங்க மறுபடி வேலைக்குப் போவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. அவள் மெஷினை நிறுத்தினாள்.

"அவர் வரமாட்டாருங்க" என்றாள்.

வால்வுக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு இரும்புக்கடைக்காரரைப் பார்த்தார்.

"ஒன்பது வருஷம் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். மோட்டாரை. இந்த வீட்டுல மதியத்துக்கு மேல எந்த ஜன்னல் வழியா வெயில் வரும்னு எனக்கு இந்த வருஷந்தான் தெரிஞ்சுது. வேண்டாங்க. ஆள் போடச் சொல்லுங்க. ரெண்டு இடம் இருக்கு, நல்ல இடம். பென்ஷன் உண்டு."

"அந்தப் பென்ஷனாலதானே ஆள் போடாம இருக்காங்க!" என்று இரும்புக்கடைக்காரர் குரலை உயர்த்தினார். பிறகு தன் குரலைத் தானே கேட்டதுபோல அடங்கினார். ஒரு தாள் கேட்டார். மகள் தன் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். இரண்டு ஆள், முப்பது வருடச் சம்பளம், இருபது வருடப் பென்ஷன், திடகாத்திரமான இரண்டு மனைவிகள் எல்லாவற்றையும் சேர்த்தார். எதிர்ப்பக்கம் அந்த நிறுவனம், வருடா வருடம் ஏறும் குத்தகை. கூட்டினார், கழித்தார், மறுபடி கூட்டினார். முடிவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பென்ஷன் குடுத்தே ஆள் போட்டாலும் மலிவுதான். நான் இதைப் போய்ச் சங்கத்துல எப்படிச் சொல்றது?"

"சொல்லாம விட்டா உங்களுக்குத் தூக்கம் வருமா?" என்றாள் மனைவி.

வராது. போய்ச் சொன்னார். கிணறு வெட்டப் போனவர் பூதத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டதாகச் சங்கம் அலறியது. 'விலை போனவர்' என்றார்கள். 'ஒரு முட்டைக்கு விலை போனவர்' என்று ஒருவர் திருத்தினார். பம்பு அறையில் அவர் முட்டை தின்ற விஷயத்தை அவரேதான் அன்றைக்குக் கூட்டத்தில் சொல்லியிருந்தார். செயலாளர் பதவி போயிற்று. ஆனால் போட்ட கணக்கில் பிழை சொல்ல யாராலும் முடியவில்லை. தேர்தல் முடிந்து வந்த புது மன்றம், அந்தக் கணக்குத் தாளையே கோப்பில் வைத்து, குத்தகையை முடித்து, இரண்டு பம்பு இயக்குநர்களை நியமித்தது. ஒருத்தர் பெண். சேர்ந்த மாதமே மூன்றாம் மோட்டாரின் இரைச்சலில் ஒரு குறை கண்டுபிடித்துச் சொன்னார். வால்வுக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டார். தனக்கு இத்தனை வருடம் அது கேட்டதில்லை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நாள் பிடித்தது.

மேலும் மூன்று வருடம் வேலை பார்த்து, அறுபது முடிந்து ஓய்வு பெற்றார். பென்ஷன் உத்தரவு தபாலில் வந்தது. மனைவி படித்தாள், மகள் படித்தாள், மைத்துனன் வந்து படித்துவிட்டு ஏமாந்து போனான். ஓவர்டைமெல்லாம் கழிந்து, வெறும் அடிப்படைச் சம்பளத்தில் பாதியாக நின்றது தொகை. மாலையில் இரும்புக்கடைக்காரர் வந்தார். அவர் வாரத்தில் இரண்டு நாள் வருவது வழக்கமாகியிருந்தது. உத்தரவை வாங்கி, ஆணியை எண்ணுவதுபோல ஒவ்வொரு வரியாக எண்ணினார்.

"தப்பு" என்றார்.

"கூடக் குடுத்துட்டாங்களா?"

"குறைச்சுக் குடுத்திருக்காங்க. ஆரம்பத்துல நீங்க தற்காலிகமா வேலை பாத்த ஒன்பது மாசத்தைச் சேக்கவே இல்லை. மாசம் நூத்திப் பதினேழு கூட வரணும் உங்களுக்கு."

"நூத்திப் பதினேழுதானே, விடுங்க."

"எப்படிங்க விடறது? என் வரிப்பணத்துல இருந்து உங்களுக்கு நூத்திப் பதினேழு வரணும்னா வந்தே ஆகணும். கணக்குன்னா கணக்கு!"

அவரே மனு எழுதினார். அவரே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினார். பதில் வராததால் இன்னொரு மனு, அதற்கும் மேலே ஒன்று. வரி செலுத்துவோர் சங்கத்தின் முன்னாள் செயலாளர் ஒரு பென்ஷன்காரருக்குப் பணம் கூட்டிக் கொடுக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைப் பார்க்கக் கணக்குப் பிரிவில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். எட்டு மாதத்தில் நூற்றுப் பதினேழும் பாக்கித் தொகையும் வந்து சேர்ந்தன. பாக்கியோடு தன் தையல் காசையும் சேர்த்து மனைவி ஒரு பொத்தான் தைக்கும் மெஷின் வாங்கினாள். வால்வுக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் கைவேலையே போதும் என்றார்.

அந்த வருடம் வீட்டு வரி மறுபடி ஏறியது. கடைசித் தேதிக்கு முந்திய நாள் வரி கட்டும் ஜன்னலுக்கு முன்னால் நீண்ட வரிசை. வேலையில் இருந்த வருடமெல்லாம் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டதால், வால்வுக்காரருக்குத் தன் வீட்டு வரி எவ்வளவு என்று தெரியாமலே இருந்தது; இப்போது முதன்முறையாகச் சீட்டும் பணமுமாகத் தானே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இரும்புக்கடைக்காரர். ஜன்னல் நெருங்கியதும் வால்வுக்காரர் சீட்டைப் பிரித்துத் தொகையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, மோட்டாரை மீறிப் பேசிப் பழகிய அந்தக் குரலில் கத்தினார்:

"என்ன அநியாயம் இது! இவ்வளவு வரியா? இதெல்லாம் எவனுக்குய்யா போகுது?"

இரும்புக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.